பாதியில் தூக்கிய ஊசி

பாலைப் பொங்கவிட்டு, அது வழிந்து தரையில் ஓடுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்ற பெண்பிள்ளையை நான் என் ஆயுளில் ஒருத்தியைத்தான் கண்டிருக்கிறேன். அது யுத்த காலம். காப்பிக்கே பால் கிடைக்காமல் ஜனங்கள் திண்டாடிய சமயம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் போகிற கடைத்தெருவில், கிராமபோன் பிளேட்டும் ஊசியும் விற்கிற கடை ஒன்று இருந்தது. அந்தக் கடையின் பின்கட்டில் ஒரு குமுட்டி அடுப்பு. அடுப்பின்மேல் ஒரு சொம்பு பால். எதிரே ஆர்மோனியப் பெட்டியோடு நான். என் பக்கத்தில் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தவன் என் மச்சான், என் மனைவியின் தம்பி.

பாட்டு இன்னும் பல்லவிக்கே வரவில்லை. பால் நுரைத்து எழும்பிவிட்டது. என் கை தானாக ஆர்மோனியத்தை விட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போயிற்று.

"தொடாதீங்க தம்பி" என்றாள் கடைக்கார அக்கா.

"பாலு வழியுதுக்கா!"

"வழியட்டும். பாலு பொங்கறதுக்குள்ள பாட்டு முடியணும். பிளேட்டு ஒரு பக்கம் அவ்ளோ நேரந்தான் ஓடும். பார்த்துப் பார்த்துத்தான் பால ஊத்தி வெச்சிருக்கேன். உங்க மச்சான் இன்னும் ராகத்தயே இழுத்துகிட்டிருக்காரு. மெட்ராஸ்ல பாட்டுப் பதியற மெழுகுத் தட்டு தீர்ந்துதுன்னா தீர்ந்துதுதான். யாரு பாடறாங்கன்னு பார்த்துகிட்டு அது நிக்காது."

சொம்பு காலியாகிற வரைக்கும் அவள் அசையவில்லை. கருகின பால் வாடை கடை முழுக்கப் பரவியது. மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் வந்தோம், மறுபடியும் பால் வைத்தாள், மறுபடியும் வழிந்தது. இப்படிப் பாலைக் கொட்டிக் கொட்டித்தான் எங்கள் பாட்டிலிருந்த வேண்டாத நீளத்தையெல்லாம் அவள் வெட்டினாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வந்தால் எல்லாமே இப்படி வாயில் கைவைக்கிற சங்கதியாகத்தான் வரும். ஊரில் அவளுக்குப் பிளேட் கடை அக்கா என்றுதான் பேர். சொந்தப் பேர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. நாற்பது வயதிருக்கும். புருஷன் போன பிறகு கடையை அவளே நடத்தினாள். ஆம்பிளைகள் மட்டுமே உட்கார்ந்து பழகின கடைத்தெருவில் கல்லாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவன் போகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னா, புது பிளேட்டு கேக்காம போற?" என்பாள். கேட்டவன் வெலவெலத்துப் போய் உள்ளே வருவான். நானும் மச்சானும் அங்கே போனது பிளேட் வாங்க இல்லை. பிளேட் கொடுக்க.

எங்களுக்குக் குரு பரம்பரை கிடையாது. சபைக்காரர்கள் யாரும் எங்களைச் சீந்தினதில்லை. நான் சிதம்பரம் மேல வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். மச்சான் நெல் மண்டியில் மூட்டை நிறுப்பவன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கூப்பிட்டால் போய்ப் பாடுவோம். பாட்டெல்லாம் அவனே கட்டினது. கிள்ளை உப்பங்கழிப் பக்கம் அவனுக்குச் சிநேகிதர்கள் உண்டு. அங்கே தோணிக்காரர்களோடு பழகி ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். கரையில் நிற்கிற ஒரு பெண் தோணிக்காரனைப் பார்த்து, 'அக்கரை போறவனே, ஒரு சொல்லு கொண்டு போ' என்று கெஞ்சுவாள். பாட்டின் முன்பாதி முழுக்கக் கெஞ்சல்தான். அந்தச் சொல் இன்னதென்று பின்பாதியில்தான் வரும். அவன் அதைப் பாடும்போது கல்யாணப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாட்டைப் பிளேட்டில் ஏற்றிவிட வேண்டுமென்று ஆசை. ஆனால் மெட்ராஸ் கம்பெனிக்கு நேரே போனால் வாசல் காவல்காரனே திருப்பி அனுப்பிவிடுவான் என்றார்கள். திருப்பாதிரிப்புலியூர் அக்கா கைகாட்டினால் கம்பெனி ஏஜெண்டு கேட்பார் என்றும் சொன்னார்கள். அப்படித்தான் போனோம்.

முதல் நாள் நாங்கள் உள்ளே நுழைந்தபோது அவள் ஒருவருக்கு ஊசி விற்றுக்கொண்டிருந்தாள். கிராமபோன் ஊசி சீக்கிரம் மழுங்கிவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். பிளேட் வாங்க ஒருவர் வந்தால் ஊசி வாங்கப் பத்துப் பேர் வருவார்கள். ஊசி டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து மாட்டி, சாவி கொடுத்து, லேபிள் கிழிந்துபோன பழைய பிளேட் ஒன்றின் மேல் வைத்து ஓட்டிக் காண்பித்த பிறகுதான் விற்பாள். எப்போதும் அதே பிளேட்தான். எத்தனை வருஷமாக எத்தனை ஊசி அதைக் கீறியிருந்ததோ, அப்பளம் பொரிகிற இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் எங்கிருந்தோ கேட்டது.

மச்சானுக்கு வாய் சும்மா இருக்காது. "யாருக்கா இது, தொண்டையில மீன் முள்ளு சிக்கினவ மாதிரி?" என்றான்.

கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். "யாரோ ஒருத்தி" என்று சொல்லி ஊசியைத் தூக்கிவிட்டு, "நீங்க பாடுங்க, உங்க தொண்டையில இன்னா சிக்கியிருக்குன்னு பார்ப்போம்" என்றாள்.

மச்சான் பாடினான். கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள். பாட்டு முடிந்தது. நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. அவ்வளவு பேர் முன்னால், தக்காளி விலை சொல்கிற மாதிரி சொன்னாள்:

"தம்பிக்குத் தொண்டையில நோவு இருக்குது. மேல் ஸ்தாயில குரலு ஒரு பக்கமா ஒதுங்கிப் போவுது பாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க. பாட்டப் பதியறதா இருந்தா சீக்கிரம் பதிஞ்சிடணும். ரொம்ப நாளு இருக்காது இந்தக் குரலு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மனுஷனைப் பார்த்து, முதல் நாளிலேயே, முகத்துக்கு நேரே இப்படியா சொல்வார்கள்? "வாடா, போவலாம்" என்று மச்சான் கையைப் பிடித்து இழுத்தேன். "கரிநாக்கு! வெளங்குமா இந்தக் கடை?" என்று திட்டிக்கொண்டே ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். ரயில் பரங்கிப்பேட்டை தாண்டின பிறகு மச்சான், "மாமா, கொஞ்ச நாளா முழுங்கறப்ப வலிக்குது. அக்காகிட்ட சொல்லிட்டா பயப்படும்னு சொல்லல" என்றான். அவன் அக்கா என்றது என் மனைவியை.

கடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கட்டி என்றார்கள். பாடக் கூடாது, பேச்சையும் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். எவ்வளவு நாள் என்று நான் கேட்டதற்கு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் மச்சான் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"வைத்தியம் அது பாட்டுக்கு நடக்கட்டும் மாமா. மொதல்ல பிளேட்டு. நான் இல்லாட்டியும் அந்தப் பாட்டு இருக்கணும்."

எந்த வாயால் அவளைத் திட்டினேனோ அந்த வாயை மூடிக்கொண்டு அதே கடைக்குத் திரும்பப் போனோம். ஏன் வந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. போய்ப் பால் வாங்கி வரச் சொன்னாள்.

அதற்கப்புறம் அவள் செய்த அக்கிரமங்களைக் கேளுங்கள். உத்தரத்தில் கயிறு கட்டி ஒரு பித்தளைச் செம்பை முகத்துக்கு நேராகத் தொங்கவிட்டாள். அதுதான் மைக்காம். மச்சான் பந்தலில் பாடுகிற வழக்கப்படி தொண்டையைத் திறந்து பாடினான். "செம்பு செவுடு இல்ல தம்பி, ஏன் கத்தறீங்க? பொண்டாட்டி காதுல ரகசியம் சொல்ற மாதிரி பாடுங்க" என்றாள். ஒரு பெண்பிள்ளை வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்ததைக் கேட்டு எனக்குக் காது சிவந்துபோயிற்று. மச்சான் சிரித்தான். சிரித்துக்கொண்டே பாடினான். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தப் பாட்டில் வருகிற பெண் என் பக்கத்தில் வந்து நின்றது போலிருந்தது. தொண்டையும் அவ்வளவாக வலிக்கவில்லை என்றான்.

என் ஆர்மோனியத்தையும் அவள் விட்டுவைக்கவில்லை. "உங்க பெட்டிக்கு இழுப்பு இருக்குது. அது மூச்சு வாங்கறது பிளேட்டுல விழும்" என்று சொல்லி, நான் வேண்டாம் வேண்டாம் என்று பதறப் பதற, துருத்தியின் பழைய துணியைக் கத்தரியால் கீறி எடுத்தாள். என் அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்த பெட்டி அது. புதுத் தோல் வைத்து அவளே ஒட்டிக் கொடுத்தாள் என்பது வேறு விஷயம். அந்த ஒரு ராத்திரி நான் தூங்கவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டோம். மங்களத்தில் கை வைத்தபோதுதான் எனக்குக் குலை நடுங்கியது.

எந்தக் கச்சேரியானாலும் கடைசியில் மங்களம் பாடித்தான் முடிப்போம். தெருப் பஜனையானாலும் அப்படித்தான். பாடாமல் எழுந்தால் வீட்டுக்கு ஆகாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிளேட்டிலும் கடைசியில் இரண்டே வரி மங்களம் வைத்திருந்தோம்.

"அத வுட்டுடுங்க" என்றாள்.

"மங்களத்தயா? வாணாம்க்கா. ஒடம்பு சரியில்லாதவன் வேற. அபசகுனமாப் போயிடும்" என்றேன்.

"கச்சேரியில மங்களம் எதுக்குத் தம்பி? முடிஞ்சுது, எழுந்து வூட்டுக்குப் போங்கன்னு சொல்லறதுக்கு. பிளேட்டக் கேட்டவன் எழுந்து போவக் கூடாது. திரும்ப மொதல்லேருந்து வைக்கணும். நீங்களே போன்னு சொன்னா அவன் ஏன் இருப்பான்?"

நான் முடியாது என்றேன். மச்சான் தொங்குகிற செம்பை விரலால் தட்டிவிட்டு, "எடுத்துடலாம் மாமா" என்றான்.

அக்கா கைகாட்ட, ஏஜெண்டு ஏற்பாடு செய்ய, மெட்ராஸில் பதிவு நடந்தது. தபலாவுக்கு அங்கேயே ஓர் ஆள் கொடுத்தார்கள். மச்சான் கம்பெனி மைக்கைப் பார்த்து ஒரு தடவை சிரித்தான். அவனுக்குச் செம்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பாட்டு முடிந்து மெழுகுத் தட்டில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. வெளியே வந்தவன் ரத்தம் கலந்த எச்சிலைத் துப்பிவிட்டு, "பால் பொங்கல மாமா" என்றான்.

பதிந்தால் மட்டும் போதாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. பிளேட் அரக்கில் செய்வது. யுத்தத்தில் அரக்குக்குப் பஞ்சம். பழைய பிளேட்களைக் கொடுத்தால்தான், அவற்றை நொறுக்கி உருக்கிப் புதுசு அடித்துக் கொடுப்போம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அதுவும் எங்களைப் போன்ற பேர் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம்தான் அடிப்பார்கள். விற்றுப்போனால் மறுபடி அடிப்பார்கள். நாலு மாசத்தில் விற்காமல் நின்றால் திருப்பி வாங்கி அதையும் நொறுக்கிவிடுவார்கள். மச்சானின் குரலை நாலு மாசம் கழித்து யாரோ சம்மட்டியால் அடித்து நொறுக்குவதை நினைத்துப் பார்த்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழைய பிளேட் சேகரிக்க நான் சிதம்பரத்தின் நாலு வீதியும் அலைந்து, விரிசல் விட்டது உடைந்தது என்று ஒரு கோணி கொண்டுபோனேன். எடை போதவில்லை. அக்கா கடையிலிருந்த கழிவுகளையெல்லாம் போட்டாள். அப்போதும் போதவில்லை. சட்டென்று திரும்பி, ஊசி பார்க்கிற அந்த லேபிள் கிழிந்த பிளேட்டை எடுத்துக் கோணியில் போட்டாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். "அப்பாடா, மீன் முள்ளு போவுது!" என்றேன்.

"அது நாந்தான் தம்பி" என்றாள்.

"யாரு?" என்றேன்.

"நான் பாடினது. கல்யாணம் ஆன புதுசுல. எங்க வூட்டுக்காரருக்கு ஆசை, மெட்ராஸ் கூட்டிட்டுப் போயிப் பதிஞ்சாரு. பிளேட்டு வந்ததும் எங்க மாமனாரு வூட்டுல வெளியில சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. குடும்பத்துப் பொண்ணு குரல் கடைத்தெருவுல கேக்கறதான்னு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொல்லாட்டி யாரு வாங்குவா? அத்தனையும் திரும்பிப் போயி நொறுங்கிச்சு. இது ஒண்ணு மட்டும் பரண் மேல தப்பிச்சுது."

கோணியின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான் விக்கித்துப் போனேன். எத்தனை பேர், எத்தனை வருஷம், அவள் முகத்துக்கு நேரேயே அந்தக் குரலைக் கேலி செய்திருக்கிறோம்! ஒரு தடவையாவது முகம் சுளித்திருப்பாளா? "வாணாம்க்கா, அத வெளிய எடுங்க. நான் வேற எங்கயாவது பார்க்கறேன்" என்று கோணியைப் பிடித்தேன்.

"இதுல இப்ப எரைச்சல்தான் ஜாஸ்தி. உங்க மச்சானுக்கு ஒரு பிளேட்டாவது கூட வரட்டும்" என்று என் கையைத் தட்டிவிட்டாள். இவ்வளவு ஆசையாக வைத்திருந்ததில் ஏன் கண்ட ஊசியையெல்லாம் வைத்துக் கீறினாள் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை.

அவள் பிளேட் விற்கிற விதமும் அடாவடிதான். அந்த வருஷம் ஆனித் திருமஞ்சனத் தேரன்று சிதம்பரம் கீழ வீதியில் ஜன சமுத்திரம். தேர் நடுவில் நின்றிருந்த நேரம் பார்த்து, ஒரு முக்காலியில் கிராமபோனை வைத்து, பெண்ணாடத்துப் பக்கத்துப் பஜனைக் கோஷ்டி ஒன்றின் பிளேட்டை ஓடவிட்டாள். கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பாட்டின் நடுவில், வெடுக்கென்று ஊசியைத் தூக்கிவிட்டாள். ஒரு பெரியவருக்கு வந்ததே கோபம்!

"சாமி வர்ற வீதியில பாதிப் பாட்டு வைக்கறியே, உனக்கு நல்ல கதி கெடைக்குமா?"

"மீதிப் பாட்டு கெடைக்கும் பெரியவரே. கடை திருப்பாப்புலியூர்ல" என்றாள்.

நான் அந்தக் கூட்டத்தில் அவளைத் தெரியாதவன் மாதிரி ஒரு தூண் மறைவில் நின்றுகொண்டேன்.

எங்கள் பிளேட் வந்து சேர்ந்தபோது மச்சானுக்குக் குரல் அடியோடு போயிருந்தது. வெறும் காற்றுதான் வரும். முதல் பிளேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா சிதம்பரத்துக்கு வந்தாள். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் கிராமபோனை வைத்து முழுப் பாட்டையும் போட்டாள். அன்றைக்கு ஊசியைத் தூக்கவில்லை. அவன் உதடு மட்டும் பாட்டோடு சேர்ந்து அசைந்தது. முடிந்ததும் கையால் அவளைக் கூப்பிட்டான். அவள் குனிந்து அவன் வாயருகில் காதை வைத்தாள். ஏதோ சொன்னான். அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். எதற்கும் அசராத அந்தப் பொம்பிளை அப்போது ஒரு கணம் ஆடிப்போனாள். பிறகு சரி என்று தலையசைத்தாள். அவன் தம்பி முறையில் நன்றி சொன்னான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிளேட் விற்கவில்லை. அக்கா காப்பி ஓட்டல்களில் வைத்துப் பார்த்தாள். தேவனாம்பட்டினத்து மீனவர் கல்யாணத்தில் மைக் செட்காரனிடம் கொடுத்து வைக்கச் சொன்னாள். ஒன்றிரண்டு போயிற்று. அரிசிக்கே ஆளாய்ப் பறக்கிற நாளில் பாட்டை யார் வாங்குவார்கள்? கம்பெனி சொன்ன கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் மச்சான் போய்விட்டான்.

"மங்களம் பாடாம முடிச்சீங்களே, எந்தம்பி போயிட்டானே" என்று என் மனைவி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான் இருந்தது.

கருமாதியன்று வீடு கொள்ளாத கூட்டம். மண்டி ஆட்கள், கிள்ளைத் தோணிக்காரர்கள், எந்தெந்த ஊரிலோ அவன் பாடின கல்யாண வீட்டுக்காரர்கள். இத்தனை பேருக்கு அவனைத் தெரியுமா என்று நானே மலைத்தேன். காரியமெல்லாம் முடிந்து பந்தியில் உட்காருகிற சமயம். வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. பிளேட் கடை அக்கா இறங்கினாள். கையில் கிராமபோன். வண்டியில் ஒரு கள்ளிப் பெட்டி.

துக்கம் கேட்க வந்திருக்கிறாள் என்று எழுந்து போனேன். அவள் என்னைத் தாண்டிப் போய், அவன் படத்துக்கு முன்னால் கிராமபோனை வைத்துச் சாவி கொடுத்தாள்.

'அக்கரை போறவனே...'

சோற்றை வைத்திருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. உள்ளே பெண்கள் விசும்புகிற சத்தம். தோணிக்காரர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாட்டு பாதிக்கு வந்தது. அந்தப் பெண் சொல்லப்போகிறாள், அந்தச் சொல் இதோ வரப்போகிறது. அக்கா ஊசியைத் தூக்கினாள்.

நான் ஓரடி முன்னால் வந்தேன்.

"மீதி இதுல இருக்குது" என்று கள்ளிப் பெட்டியைக் காட்டினாள். "வேணுங்கறவங்க வாங்கிட்டுப் போயி வூட்டுல கேளுங்க."

செத்தவன் வீட்டில்! கருமாதியில்! என் மனைவி "ஐயோ" என்று அலறினாள். பெரியவர் ஒருவர் எழுந்து, "யாருடி இவ, பொணத்த வெச்சு யாவாரம் பண்றவ?" என்று கத்தினார். எனக்குக் கண் மண் தெரியவில்லை. "எடுத்துகிட்டு வெளிய போ! இந்த வாசப்படிய மிதிச்சே, அப்புறம் நடக்கறது வேற!" என்று கிராமபோனைத் தூக்கப் போனேன். அவள் நகரவில்லை. அழவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், பால் வழிந்த அன்றைக்கு நின்றாளே அதே மாதிரி.

"அண்ணே, அவுங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

உள்ளேயிருந்து வந்த குரல் மச்சான் பெண்டாட்டியுடையது. அன்றைய சடங்கில் தாலியைக் கழற்றிக் கொடுத்த பெண், மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியவள், எழுந்து எல்லோரும் பார்க்கக் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"அவருதான் சொன்னாரு. அக்கா காதுல சொன்னாரே, அன்னிக்கு. எங்கிட்டயும் சொன்னாரு. 'என்னைத் தெரிஞ்சவங்க அத்தனை பேரும் ஒரே எடத்துக்கு வர்ற நாளு அது ஒண்ணுதான். அன்னிக்கு வித்துடுங்க. பாதியில நிறுத்தி வித்துடுங்க. ஆளுக்கு ஒண்ணா வூட்டுக்குப் போயிட்டா அப்புறம் யாராலயும் நொறுக்க முடியாது'ன்னாரு."

நான் பிடித்த கிராமபோனை அப்படியே விட்டேன். கிள்ளையிலிருந்து வந்த ஒரு தோணிக்காரர்தான் முதலில் எழுந்து வந்தார். அவர் வீட்டில் கிராமபோன் கிடையாது, எனக்குத் தெரியும். ஒரு பிளேட்டை வாங்கிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டார். அப்புறம் மண்டிக்காரர்கள். கத்தின பெரியவரும் கடைசியில் வந்தார். அந்தி சாய்வதற்குள் கள்ளிப் பெட்டி காலி. இந்தப் பக்கத்தில் ஒரு கருமாதி வீட்டிலிருந்து ஜனங்கள் பிளேட்டும் கையுமாகத் திரும்பிப் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஊர் பல நாள் காறித் துப்பியது. துப்பினவர்களெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்க ஆசைப்பட்டார்கள். கம்பெனியில் இரண்டாம் தடவையும் அடித்துக் கொடுத்தார்கள். அந்தச் சேதி வந்த பிறகு நான் கடலூருக்குப் போனேன். அவளைப் பார்த்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றுதான் போனேன்.

கடை வாசலிலேயே என் கால் நின்றுவிட்டது. உள்ளே மச்சான் பாடிக்கொண்டிருந்தான். கரகரவென்று பாடினான். அக்கா யாருக்கோ ஊசி பார்த்துக்கொண்டிருந்தாள். என் மச்சானின் பிளேட்டின் மேல்! ஏற்கெனவே அதில் கீறல் விழத் தொடங்கியிருந்தது.

"அக்கா!" என்று கத்திவிட்டேன். "இன்னா பண்றீங்க நீங்க? அவன் குரல இப்பிடிக் கிழிக்கறீங்களே, உங்களுக்கு மனசு இருக்குதா, கல்லா?"

அவள் ஊசியை எடுக்காமலே என்னைப் பார்த்தாள்.

"பிளேட்டு வாங்க வர்றவன் அவனுக்குப் புடிச்சதத்தான் கேப்பான் தம்பி. ஊசி வாங்க வர்றவன் நான் வைக்கறதக் கேட்டுத்தான் ஆவணும். என்னுத அப்பிடித்தான் ஊரு கேட்டுது. இனிமே இவருது கேக்கட்டும்."

நான் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பளம் பொரிகிற இரைச்சலும், அதற்குள் 'யாரோ ஒருத்தி' குரலும், நாங்கள் சிரித்த சிரிப்பும் எல்லாமாக என் தலைக்குள் சுற்றின. இத்தனை வருஷமும் அவள் ஊருக்கு ஊசியா விற்றாள்?

பாட்டு பாதிக்கு வந்தது. அவள் ஊசியைத் தூக்கினாள்.

ஊசி வாங்க வந்தவர் டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள மறந்து நின்றார். "யாருங்க பாடறது? அந்தப் பொண்ணு தோணிக்காரன்கிட்ட இன்னா சொல்லி அனுப்பிச்சாளாம்?" என்று கேட்டார்.

அக்கா பிளேட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்.

"என் மச்சான். மீதிய வாங்கிட்டுப் போயி வூட்டுல கேளுங்க."